அலுவலகக் கணினிகளில் பிரவுசரை ஆளாளுக்கு நிறுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., இ-வே பில், டெண்டர், வங்கிப் பரிமாற்றம் எல்லாமே இன்று பிரவுசருக்குள்தான் நடக்கின்றன. கணக்கு மென்பொருளுக்கு உரிமம் வாங்குகிறோம், ஆன்டிவைரஸுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறோம், பிரின்டருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம். பிரவுசரை மட்டும், அந்த நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவரே இறக்கி நிறுவிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆடிட்டர் அலுவலகம், மில் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், தனியார் பள்ளி என்று 10 முதல் 40 கணினிகள் வரை வலையில் இணைத்திருக்கும் இடங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். பணம் திருடு போவதற்கும், ரிட்டர்ன் கடைசித் தேதியன்று கையொப்பம் விழாமல் திண்டாடுவதற்கும் பல நேரம் இதுவே காரணம். மாற்றுவதற்குச் செலவில்லை. இரண்டு கணினிகளில் சோதித்துப் பார்த்த பிறகு, ஒரு விடுமுறை நாள் வேலை போதும். எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். இதில் வரும் முகவரிகளையும் கட்டளைகளையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. குரோமின் முகவரிப் பட்டையில் குரோம்://வெர்ஷன் என்று அடியுங்கள். வரும் பக்கத்தில் 'எக்ஸிக்யூட்டபிள் பாத்' என்றொரு வரி இருக்கும். அது 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரைக் காட்டினால், பிரவுசர் அந்தக் கணினிக்குப் பொதுவாக நிறுவப்பட்டிருக்கிறது. 'யூசர்ஸ்', 'ஆப்டேட்டா' என்று காட்டினால், ஒரு ஊழியரின் சொந்த ஃபோல்டருக்குள் நிறுவப்பட்டிருக்கிறது. அட்மின் கடவுச்சொல் தெரியாதவர் இன்ஸ்டாலரை இயக்கி, விண்டோஸ் அனுமதி கேட்கும்போது 'நோ' கொடுத்தால், அட்மின் உரிமை இல்லாமலே நிறுவட்டுமா என்று குரோம் கேட்கும். அவரும் சரி என்பார். அந்த நகல் அவருடைய லாகினுக்கு மட்டுமே உரியது. அதே கணினியில் மூன்று பேர் வேலை பார்த்தால் மூன்று நகல்கள், மூன்று வெவ்வேறு பதிப்புகள். விடுப்பில் போனவரின் நகல், அவர் திரும்பி வந்து லாகின் செய்யும் வரை பழையதாகவே கிடக்கும். பராமரிப்புக்கு வருபவர் அட்மின் லாகினில் நுழைந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும். ஒவ்வொரு லாகினிலும் இந்தச் சோதனையைச் செய்து, சொந்த ஃபோல்டரில் உள்ள நகல்களை நீக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். புக்மார்க்குகளை முன்னதாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போது 'பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவும்' என்ற கட்டத்தை டிக் செய்துவிடாதீர்கள்.

அடுத்து, எதை இறக்குவது. தேடுபொறியில் 'குரோம் டவுன்லோட்' என்று தேடி, முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்குவது ஆபத்து. போலி இன்ஸ்டாலர்கள் அந்த வழியாகவும் நுழைகின்றன. நிறுவனத்தின் சொந்தத் தளத்து முகவரியை நேராக அடித்துப் போங்கள். அங்கேயும் முதல் பொத்தானைச் சொடுக்கினால் வருவது ஒரு சின்னக் கோப்பு. அது ஒவ்வொரு கணினியிலும் இணையத்திலிருந்து முழு மென்பொருளையும் மறுபடி இறக்கும். முழு அளவு 100 எம்பியைத் தாண்டும். 20 கணினிகளில் ஒரே காலையில் இதைச் செய்தால் 2 ஜிபிக்கு மேல் ஓடும். அன்று வங்கி வேலையும் நிற்கும். நமக்கு வேண்டியது, முழு மென்பொருளும் உள்ளேயே அடங்கிய, அலுவலகங்களுக்கென்றே தரப்படும் எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பு. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றுக்கும் உண்டு, மூன்றும் இலவசம். 64 பிட் கோப்பையே எடுங்கள். இறக்கியதும் கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'பிராபர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று போய்ப் பாருங்கள். குரோமுக்கு கூகுள் எல்எல்சி, ஃபயர்பாக்ஸுக்கு மொஸில்லா கார்ப்பரேஷன் என்று கையொப்பம் இருக்க வேண்டும். அந்தப் பட்டையே இல்லாத கோப்பை உடனே அழித்துவிடுங்கள்.

சர்வரும் டொமைனும் (எல்லாக் கணினிகளையும் லாகின்களையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) உள்ள அலுவலகங்களில், இந்தக் கோப்பைச் சர்வரில் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, குரூப் பாலிசி (சர்வரிலிருந்தே கணினிகளின் அமைப்புகளைத் தீர்மானிக்கும் வசதி) வழியாகக் கணினிகளுக்கு ஒதுக்கலாம். இங்கே மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, கோப்பின் பாதையை இசட் டிரைவ், எஸ் டிரைவ் என்று எழுதிவிடுவது. டிரைவ் எழுத்து ஊழியர் லாகின் ஆன பிறகுதான் உருவாகும்; நிறுவும் வேலையோ லாகினுக்கு முன்பே நடக்கிறது. எனவே இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கி, சர்வர் பெயர், ஃபோல்டர் பெயர் என்று முழுப் பாதையையும் எழுத வேண்டும். இரண்டு, ஷேரில் ஊழியர்களுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. அந்த நேரத்தில் கோப்பைக் கேட்பது ஊழியர் அல்லர், கணினி. 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' என்ற குழுவுக்குப் படிக்கும் அனுமதி வேண்டும். ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டிலும் வேண்டும். மூன்று, விண்டோஸ் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக வலை எழும்புமுன்பே லாகின் திரையைக் காட்டிவிடும். அதனால் இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் பிரவுசர் வந்து சேராது. 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் தி நெட்வொர்க் அட் கம்ப்யூட்டர் ஸ்டார்ட்அப் அண்ட் லாகான்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால் அது தீரும்.

டொமைன் இல்லாத இடங்களில் ஒவ்வொரு கணினியிலும் அட்மின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எம்எஸ்ஐஎக்ஸெக், இடைவெளி, /ஐ, கோப்பின் பாதை, /க்யூஎன், /நோரீஸ்டார்ட் என்று ஒரே வரி கொடுத்தால் கேள்வி எதுவும் கேட்காமல் நிறுவிவிடும். கேள்வி கேட்காது என்பதால் தோற்றாலும் சொல்லாது. முடிவில் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 0 என்றால் வெற்றி. 3010 என்றாலும் வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும், காத்திருந்து மறுபடி கொடுங்கள். 1619 என்றால் கோப்பைத் திறக்க முடியவில்லை. பாதையில் இடைவெளி இருந்தும் மேற்கோள் குறி போடாமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஷேர் அனுமதி இல்லை. 1603 என்பது பொதுவான தோல்வி எண். குரோமில் இது வந்தால், அந்தக் கணினியில் ஏற்கெனவே இதைவிடப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதம் முன்பு இறக்கிய எம்எஸ்ஐ கோப்பையே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

நிறுவுவது பாதி வேலைகூட இல்லை. கட்டுப்பாடுகளை அமைப்பதுதான் முக்கியமான வேலை. அலுவலகங்கள் பெரும்பாலும் இதைச் செய்வதே இல்லை.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு 'பாலிசி', அதாவது கொள்கை என்று பெயர். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்து குரோமும் எட்ஜும் இவற்றைப் படிக்கின்றன. குரோமுக்கு ஹெச்கேஎல்எம் கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசை. எட்ஜுக்குக் கடைசி இரண்டும் மைக்ரோசாஃப்ட், எட்ஜ். டொமைன் இருந்தால் குரூப் பாலிசி வழியாகவே எழுதலாம். அதற்கான ஏடிஎம்எக்ஸ் கோப்புகளை (எந்தெந்தக் கொள்கைகள் உண்டு என்று எடிட்டருக்குச் சொல்பவை) விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'பாலிசிடெஃபினிஷன்ஸ்' ஃபோல்டரிலும், மொழிக் கோப்புகளை அதன் உள்ளே உள்ள மொழி ஃபோல்டரிலும் போட வேண்டும். சிலர் சர்வரின் சிஸ்வால் பகுதியில் புதிதாக ஒரு 'பாலிசிடெஃபினிஷன்ஸ்' ஃபோல்டரை உருவாக்கி, குரோம் கோப்புகளை மட்டும் அதில் போட்டுவிடுவார்கள். உடனே குரூப் பாலிசி எடிட்டரில் விண்டோஸின் மற்ற அமைப்புகள் எல்லாம் காணாமல் போகும். அழிந்துவிடவில்லை. அந்த மைய ஃபோல்டர் இருந்தால் எடிட்டர் அதை மட்டுமே படிக்கும், அவ்வளவுதான். கணினியில் உள்ள பழைய கோப்புகள் அனைத்தையும் முதலில் அங்கே நகலெடுத்துவிட்டு, அதன் பிறகு குரோம் கோப்புகளைச் சேருங்கள்.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. ஆனாலும் ரெஜிஸ்ட்ரிக் கோப்பு ஒன்றைத் தயாரித்து ஒவ்வொரு கணினியிலும் இயக்கினால் பெரும்பாலான கொள்கைகள் வேலை செய்யும். முகப்புப் பக்கம், இயல்பான தேடுபொறி போன்ற சிலவற்றை, டொமைனிலோ வேறு மேலாண்மையிலோ சேராத கணினியில் குரோம் ஏற்காது. வைரஸ்கள் இதே வழியைப் பயன்படுத்தியதால் போட்ட தடை அது. அதுவும் வேண்டுமென்றால் கூகுள் இலவசமாகத் தரும் குரோம் எண்டர்பிரைஸ் கோர் என்ற மேகவழி மேலாண்மையில் கணினிகளைச் சேர்க்கலாம். எந்த வழியில் போட்டாலும், குரோம்://பாலிசி என்ற பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஓகே' இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த கணினிக்குப் போகாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேதான் தெரியும்.

எந்தக் கொள்கைகள்? முதலாவது, பிரவுசரில் சைன்-இன். ஊழியர் தன் சொந்த ஜிமெயிலால் குரோமுக்குள் சைன்-இன் செய்து சிங்க்கும் இயக்கிவிட்டால், அலுவலகக் கணினியில் அவர் சேமிக்கும் வங்கிக் கடவுச்சொல், ஜிஎஸ்டி கடவுச்சொல், பார்ட்டிகளின் போர்ட்டல் கடவுச்சொல் எல்லாம் அவருடைய கைப்பேசிக்கும் வீட்டுக் கணினிக்கும் போய்விடும். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிரவுசர் கேட்டது, சரி என்றார். வேலையை விட்டுப் போன பிறகும் அவை அவருடைய கணக்கிலேயே இருக்கும். கைப்பேசி திருடு போனால் ஆபத்து இரட்டிப்பு. 'பிரவுசர்சைன்இன்' என்ற கொள்கைக்கு 0 கொடுத்தால் பிரவுசருக்குள் சைன்-இன் அடைபடும். ஜிமெயில் பக்கத்தைத் திறந்து மெயில் பார்ப்பதற்குத் தடை வராது. 'சிங்க்டிஸேபிள்டு' கொள்கையையும் சேர்த்துப் போடுங்கள். நிறுவனத்துக்கென்று கூகுள் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு இருந்தால், அந்த நிறுவன மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் அனுமதிக்கவும் தனிக் கொள்கை உண்டு.

அதோடு 'பாஸ்வேர்ட்மேனேஜர்எனேபிள்டு' கொள்கையை அணைத்துவிடுங்கள். அணைத்தால் புதிய கடவுச்சொற்களைச் சேமிக்காது. ஆனால் பழையவை அப்படியே இருக்கும், நிரப்பிக்கொண்டும் இருக்கும். அவற்றைத் தனியே அழிக்க வேண்டும். அழிக்குமுன் ஏற்றுமதி செய்தால் வரும் சிஎஸ்வி கோப்பு, யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெற்று எழுத்து. தனிக் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றியவுடன் அந்தக் கோப்பை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்குங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொல்லைப் பார்க்க விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்கும் என்பதால் கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். விண்டோஸ் லாகினுக்கே கடவுச்சொல் வைக்காத கணினியில் அது எதையும் கேட்காமலே காட்டிவிடும்.

இதிலேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 'ஆபீஸ்' அல்லது 'அட்மின்' என்ற ஒரே விண்டோஸ் லாகினில் எல்லோரும் வேலை பார்க்கும் அலுவலகத்தில், மேலே சொன்ன எதைச் செய்தாலும் பாதிப் பயன்தான். பிரவுசரின் புரொஃபைல் விண்டோஸ் லாகினோடு ஒட்டியது. ஒருவர் திறந்து வைத்த வங்கித் தளம் அடுத்தவருக்கும் திறந்தே இருக்கும். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், எல்லாம் ஸ்டாண்டர்ட் யூசராக இருக்கட்டும், அட்மின் லாகின் தனியாக ஒருவரிடம் இருக்கட்டும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள். பிடிஎஃப் மாற்றி, வீடியோ இறக்கி, தள்ளுபடிக் கூப்பன் என்று ஆளாளுக்குப் பத்து சேர்த்து வைத்திருப்பார்கள். நிறுவும்போது 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு வரி வரும். அதன் பொருள் அப்படியே அதுதான்: வங்கிப் பக்கத்தில் தெரியும் பயனாளியின் கணக்கு எண்ணைக்கூட அந்த எக்ஸ்டென்ஷனால் படிக்கவும் மாற்றவும் முடியும். இன்று நல்லதாக இருக்கும் எக்ஸ்டென்ஷன் நாளை வேறொருவருக்கு விற்கப்பட்டு, அடுத்த அப்டேட்டில் வேறு குணத்தோடு வரலாம். புதிதாக எந்த அனுமதியும் கேட்க வேண்டிய தேவையில்லை என்றால் நமக்குத் தெரியவே தெரியாது. 'எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்பிளாக்லிஸ்ட்' கொள்கையில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அனைத்தும் தடைபடும். அலுவலகத்துக்கு உண்மையில் தேவையான ஒன்றிரண்டின் 32 எழுத்து அடையாளத்தை 'அலவ்லிஸ்ட்' கொள்கையில் சேர்த்துக்கொள்ளலாம். இதை முதல் நாளே செய்தால் முணுமுணுப்பு வரும். வரட்டும், வளைந்து கொடுக்காதீர்கள்.

'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று திரையின் வலது மூலையில் ஓயாமல் வந்துகொண்டிருப்பது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்புக்கு அனுமதி கேட்டபோது 'அலவ்' கொடுத்ததன் விளைவு. 'டிஃபால்ட்நோட்டிஃபிகேஷன்ஸ்செட்டிங்' கொள்கைக்கு 2 கொடுத்துவிட்டால் எந்தத் தளமும் கேட்கவே முடியாது. பாப்-அப் விஷயத்தில் இதற்கு நேர் எதிர்த் தவறு நடக்கிறது. வங்கியோ வரித் தளமோ புதுச் சாளரத்தைத் திறக்கவில்லை என்றதும் பாப்-அப் தடுப்பையே முழுதாக அணைத்துவிடுகிறார்கள். தேவையான தளங்களின் முகவரிகளை மட்டும் 'பாப்அப்ஸ்அலவ்டுஃபார்யூஆர்எல்ஸ்' பட்டியலில் சேர்த்தால் போதும். வங்கி, வரித் தளங்களின் சரியான முகவரிகளை 'மேனேஜ்டு புக்மார்க்ஸ்' வழியாக எல்லாக் கணினிகளிலும் வைத்துவிடுவதும் நல்லது. தேடுபொறி வழியாக வங்கிக்குள் போகும் பழக்கம் அதோடு நிற்கும்.

இணைய அளவு தீர்கிறது என்று சொல்லி அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. குரோமில் பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறத்தாழ வாரந்தோறும் வந்துகொண்டே இருக்கும்; மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் குரோம், ஃபயர்பாக்ஸ் ஓட்டைகள் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கை வெளியிடுகிறது. பதிப்பு அடிக்கடி மாறுவதுதான் சிக்கல் என்றால் குரோமில் 8 வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய மாற்றம் வரும் 'எக்ஸ்டெண்டட் ஸ்டேபிள்' வரிசையைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். பகல் நேரத்தில் அப்டேட் தேடாமல் இருக்க, நேரம் குறித்து நிறுத்தி வைக்கும் கொள்கையும் உண்டு. ஆனால் அப்டேட் இறங்கினால் மட்டும் போதாது. பிரவுசரை மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு ஓடும். கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அலுவலகங்களில் ஒரே சாளரம் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. வட்டில் புதிய பதிப்பு, ஓடுவதோ பழைய பதிப்பு. 'ரீலாஞ்ச்நோட்டிஃபிகேஷன்' கொள்கைக்கு 2 கொடுத்தால், குறித்த காலத்துக்குள் தானே மூடித் திறந்துவிடும். நாம் சொல்லாவிட்டால் அந்தக் காலம் 7 நாள். அதை மில்லி நொடியில் எழுத வேண்டும்: 2 நாள் என்றால் 172800000. பூஜ்யங்களை விட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் 7 கணினிகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரோம் 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. 109தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. ஃபயர்பாக்ஸில், பெரிய மாற்றமின்றி நீண்ட காலம் திருத்தம் பெறும் ஈஎஸ்ஆர் என்ற வகையின் 115ஆம் வரிசைதான் அந்தக் கணினிகளுக்குக் கடைசி. பழைய லேபிள் பிரின்டருக்காகவோ எடைமேடைக்காகவோ அந்தக் கணினி தேவை என்றால் இருக்கட்டும். அதில் வங்கி வேலை வேண்டாம். விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை நினைவில் வைத்து இப்போதே திட்டமிடுங்கள்.

டொமைன் இல்லாத சிறு அலுவலகத்துக்கு எங்கள் பரிந்துரை ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர். ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் அதில் பெரிய மாற்றம் வரும். திருத்தங்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 2018இல் வந்த 60ஆம் பதிப்பிலிருந்து, ஒரே ஒரு கோப்பால் அதை முழுதாகக் கட்டுப்படுத்தலாம். ஃபயர்பாக்ஸ் நிறுவிய ஃபோல்டருக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்ற ஃபோல்டரை உருவாக்கி, 'பாலிசீஸ்.ஜேசன்' என்ற கோப்பை அதில் வைக்க வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பானாலும் வேலை செய்யும். 20 கணினிக்கும் ஒரே கோப்பை நகலெடுக்கலாம். தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. கோப்புகளின் பெயர் நீட்சியைக் காட்டும்படி முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கடைசி வரிக்குப் பின் ஒரு கமா கூடுதலாக இருந்தாலே கோப்பு முழுவதும் செல்லாது. அபவுட்:பாலிசீஸ் பக்கத்தைத் திறந்தால் பிழை இருப்பதைக் காட்டும். சாதாரண ஃபயர்பாக்ஸிலிருந்து ஈஎஸ்ஆருக்கு மாறும் அன்று புக்மார்க் எல்லாம் போய்விட்டதாக ஊழியர்கள் பதறுவார்கள். போகவில்லை. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி புரொஃபைல். பழைய புரொஃபைல் வட்டிலேயே பத்திரமாக இருக்கும். முன்னதாக ஏற்றுமதி செய்து வைத்த புக்மார்க் கோப்பை உள்ளே எடுத்தால் முடிந்தது.

ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது அதன் டிஜிட்டல் சான்றிதழ். அதில் வரும் பிழைகளுக்கு வருவோம். ஒரே ஒரு கணினியில் மட்டும் எல்லாத் தளங்களும் 'பாதுகாப்பற்றவை' என்று வந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்த கணினி, கரண்ட் போய் வந்ததும் பல ஆண்டு பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் மறுக்கிறது. தேதியைத் திருத்துவதோடு விடாமல் பேட்டரியை மாற்றுங்கள். நேரத்தை வலைவழியே ஒத்திசைப்பது வசதிக்காக மட்டும் அல்ல. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களின் கணினி நேரம் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் பிழை வந்தால், பெரும்பாலும் புதிதாகப் போட்ட ஃபயர்வால் இணையப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கிறது என்று பொருள். அதன் மூலச் சான்றிதழைக் கணினியின் பொதுக் கிடங்கில் நிறுவ வேண்டும். ஊழியரின் சொந்தக் கிடங்கில் நிறுவினால் அவருக்கு மட்டும்தான் தீரும். பழைய ஃபயர்பாக்ஸ் பதிப்புகள் விண்டோஸ் கிடங்கைப் பார்க்காமல் தங்கள் சொந்தக் கிடங்கையே நம்பும். 'இம்போர்ட்எண்டர்பிரைஸ்ரூட்ஸ்' கொள்கையை இயக்குங்கள். வங்கித் தளங்களை ஃபயர்வாலின் இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கி வையுங்கள். எச்சரிக்கையை 'அட்வான்ஸ்டு', 'புரோசீட்' என்று தாண்டிப் போகும் பழக்கத்தை மட்டும் ஊழியர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது. போலி வங்கித் தளம் வரும் அன்றும் அவர்கள் அதையே செய்வார்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன்தான் (கையொப்பச் சான்றிதழ் அடங்கிய யுஎஸ்பி கருவி) அலுவலகங்களை அதிகம் அலைக்கழிப்பது. முன்பு ஜாவா ஆப்லெட் வழியாகக் கையொப்பம் இட்டோம். குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் அந்த வகைச் செருகுநிரல்களை நீக்கிவிட்டதால், இப்போது கணினியிலேயே ஒரு சிறு சேவை ஓடுகிறது. பிரவுசர் அதோடு பேசி டோக்கனிலிருந்து கையொப்பம் வாங்குகிறது. ஜிஎஸ்டி தளத்துக்கு அந்தச் சேவையின் பெயர் எம்சைனர். அது 127.0.0.1 என்ற முகவரியில் (அதே கணினியைக் குறிப்பது) 1585ஆம் போர்ட்டில், அதாவது இணைப்பு வாயிலில், இயங்குகிறது. சேவை ஓடாவிட்டாலும், பிரவுசர் அதன் சான்றிதழை நம்பாவிட்டாலும் வருவது ஒரே செய்திதான்: சர்வரோடு இணைக்க முடியவில்லை, எம்சைனரை மறுபடி இயக்கவும். எனவே வரிசையாகப் பாருங்கள். டோக்கனுக்குரிய டிரைவர் நிறுவியிருக்கிறதா, அதன் சாளரத்தில் சான்றிதழ் தெரிகிறதா, காலாவதி ஆகவில்லையா? எம்சைனரை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து இயக்கினீர்களா? பிறகு அதே பிரவுசரில் ஹெச்டிடிபிஎஸ்://127.0.0.1:1585 என்ற முகவரியைத் திறந்து சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் சேவை என்பதால், எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே இடம் இது.

2025 இறுதியில் வந்த குரோம் 142இலிருந்து இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. ஒரு வெளித் தளம் கணினிக்குள் இருக்கும் சேவையோடோ அலுவலக வலையில் இருக்கும் கருவியோடோ பேச முயன்றால், குரோம் ஊழியரிடம் அனுமதி கேட்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் புரியாமல் 'பிளாக்' கொடுத்துவிட்டால், அந்த பிரவுசரில் அந்தத் தளத்துக்குக் கையொப்பமே விழாது. எம்சைனரை எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் பயனில்லை. முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைச் சொடுக்கி அனுமதியை மாற்ற வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்துச் செய்ய 'லோக்கல்நெட்வொர்க்அக்சஸ்அலவ்டுஃபார்யூஆர்எல்ஸ்' என்ற கொள்கையில் வரித் தளம், டெண்டர் தளம் ஆகியவற்றின் முகவரிகளை மட்டும் சேருங்கள்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றாலும், அதையே கேட்கும் பழைய தளங்களும் அலுவலக உள்தளங்களும் இன்னும் உள்ளன. எட்ஜுக்குள்ளேயே எக்ஸ்புளோரரைப் போல இயங்கும் ஐஈ மோடை 2029 வரையாவது ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் அமைப்புகளில் நாமே ஒரு தளத்தைச் சேர்த்தால் 30 நாளில் அது பட்டியலிலிருந்து போய்விடும். மாதா மாதம் 'போன மாதம் வேலை செய்ததே' என்ற புகார் வருவது இதனால்தான். தளங்களை ஒரு எக்ஸ்எம்எல் பட்டியலில் எழுதிச் சர்வரில் வைத்து, கொள்கை வழியாக எட்ஜுக்குக் காட்டினால் நிரந்தரமாகத் தீரும்.

லினக்ஸ் கணினிகளில் குரோமுக்கான கொள்கைக் கோப்பு ஈடிசி, ஆப்ட், குரோம், பாலிசீஸ், மேனேஜ்டு என்ற வரிசையிலும், ஃபயர்பாக்ஸுக்கு ஈடிசி, ஃபயர்பாக்ஸ், பாலிசீஸ் ஃபோல்டரிலும் இருக்க வேண்டும். உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக (மற்றவற்றிலிருந்து பிரித்து, தனியே அடைத்து ஓட்டப்படுவது) வருகிறது. அதில் டோக்கன் வேலை செய்யாமல் போனால், மொஸில்லாவின் டெப் பொதியை நிறுவிப் பாருங்கள்.

தமிழுக்காக ஒரு வேண்டுகோள். பிரவுசரின் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருவதால்தான் பல ஊழியர்கள் படிக்காமலே 'ஓகே' கொடுக்கிறார்கள். விண்டோஸில் குரோமுக்கு 'அப்ளிகேஷன்லோக்கேல்வேல்யூ' கொள்கையிலும், ஃபயர்பாக்ஸுக்கு 'ரெக்வெஸ்டட்லோக்கேல்ஸ்' கொள்கையிலும் 'டிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைக் கொடுத்தால் மெனுக்களும் எச்சரிக்கைகளும் தமிழில் வரும். ஃபயர்பாக்ஸுக்குத் தமிழ் மொழிப் பொதி வேண்டும். மொழிபெயர்ப்பில் சில சொற்கள் முதலில் புதிதாகத் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். தமிழக அரசு 2010இலேயே யுனிகோடை எழுத்துக் குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்ததை ஆன்லைன் படிவத்தில் ஒட்டிவிட்டு, கட்டம் கட்டமாக வருகிறது என்று பிரவுசரைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேவை பிரவுசர் மாற்றம் அல்ல, யுனிகோட் மாற்றி.

இவ்வளவையும் எடுத்த எடுப்பிலேயே எல்லாக் கணினியிலும் ஏற்ற வேண்டாம். கணக்குப் பிரிவில் ஒன்று, டெண்டர் பார்க்கும் இடத்தில் ஒன்று என இரண்டு கணினிகளில் மட்டும் போட்டு, ஒரு முழு ஜிஎஸ்டி ரிட்டர்னும் ஒரு சம்பளப் பட்டுவாடாவும் முடியும் வரை ஓட்டிப் பாருங்கள். தேதி நெருக்கடி இல்லாத வாரமாக எடுங்கள். மாதத்தின் 11, 20ஆம் தேதிகளை ஒட்டி வேண்டாம். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, எந்த டோக்கன், எந்தக் கொள்கைக் கோப்பு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பிரவுசர் பதிப்பையும் கொள்கைப் பக்கத்தையும் மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அரசுத் தளங்களை நடத்தும் துறைகளுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. சில தளங்களின் உதவிப் பக்கங்களில் இன்றும் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 பயன்படுத்தவும்', 'பாப்-அப் தடுப்பை அணைக்கவும்', 'பாதுகாப்பு அளவைக் குறைக்கவும்' என்ற அறிவுரைகள் அப்படியே உள்ளன. அவற்றைப் படித்து அதன்படியே செய்யும் ஊழியர், தன் அலுவலகத்தின் கதவைத் தானே திறந்து வைக்கிறார். அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு, தளம் எந்த பிரவுசரில் எந்தப் பதிப்பு முதல் சோதிக்கப்பட்டது, கையொப்பச் சேவை எந்த போர்ட்டில் இயங்குகிறது, எந்த முகவரிகளைக் கொள்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற மூன்று தகவல்களையும் தேதியோடு, தமிழிலும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினி வலைப் பராமரிப்பாளர்கள்,
ஈரோடு.